எக்கோ டெக்னீஷியன் ஆக எந்தப் படிப்பு: நான்காண்டுப் பட்டமா, ஓராண்டுச் சான்றிதழா, வேறு வழியா?

பிளஸ் டூ முடித்துவிட்டு "ஸ்கேன் படிப்பு" தேடுகிறவர்களில் பலருக்கு மூன்று வேலைகள் ஒன்றோடொன்று குழம்பிக் கிடக்கின்றன. மார்பிலும் கைகால்களிலும் மின்முனை ஒட்டிக் காகிதத்தில் கோடு எடுப்பது ஈசிஜி. எக்ஸ்ரே, சிடி, எம்ஆர்ஐ எடுப்பது ரேடியாலஜி. மார்பின் மேல் ஜெல் தடவி, புரோப் என்ற ஒலி அலைக் கைக்கருவியை வைத்து, துடிக்கும் இதயத்தின் அறைகளையும் வால்வுகளையும் திரையில் பார்த்து அளப்பதுதான் எக்கோ. இந்த மூன்றுக்கும் படிப்பு வேறு, வேலை வேறு, பத்து வருடம் கழித்துப் போய்ச் சேரும் இடமும் வேறு.

இன்னொன்றையும் முதலிலேயே தெரிந்துகொள்ள வேண்டும். நம் நாட்டில் வயிற்று ஸ்கேனும் கர்ப்ப ஸ்கேனும் மருத்துவர்கள் செய்யும் வேலை. கருவின் பாலினம் அறிவதைத் தடுக்கும் 1994ஆம் ஆண்டுச் சட்டம், கர்ப்பிணிக்கு அல்ட்ராசவுண்ட் பார்க்கத் தகுதியுள்ள மருத்துவர் யார் என்பதை வரையறுத்திருக்கிறது. அதனால் மருத்துவர் அல்லாத ஒருவர் கையில் முழு நேரமும் புரோபைத் தரும் துறை இங்கே அநேகமாக எக்கோ மட்டும்தான். அங்கும் படம் எடுப்பதும் அளப்பதும் டெக்னீஷியன் வேலை; முடிவு எழுதிக் கையெழுத்துப் போடுவது மருத்துவர் வேலை. கருவின் இதயத்தைப் பார்க்கும் ஃபீட்டல் எக்கோ அமெரிக்காவில் சோனோகிராஃபர்கள் (அல்ட்ராசவுண்ட் எடுப்பவர்கள்) தனித் தேர்வு எழுதிச் செய்யும் பிரிவு. இங்கே டெக்னீஷியனுக்கு அந்தக் கதவு இல்லை.

எதை வைத்து ஒப்பிடுவது?

கல்லூரிக் கட்டணமும் கட்டடமும் அப்புறம். படிப்பு முடிவதற்குள் உங்கள் கையால், ஒருவர் மேற்பார்வையில், எத்தனை இதயங்களை முழுமையாகப் பார்த்திருப்பீர்கள் என்பதே முதல் கேள்வி. கையில் வரும் சான்றிதழை எந்த வாரியம், எந்த நாடு ஏற்கும் என்பது இரண்டாவது. மற்ற எல்லாமே இந்த இரண்டுக்கும் பின்னால்தான்.

முதல் கேள்விக்கு ஏன் இவ்வளவு அழுத்தம் என்பதை ஒரு கணக்கு சொல்லும். பெருந்தமனி வால்வு சுருங்கிய நோயாளிக்கு வால்வின் பரப்பைக் கணக்கிட, வால்வுக்குச் சற்றுக் கீழே இரத்தம் வெளியேறும் பாதையின் விட்டத்தை அளக்க வேண்டும். அந்த விட்டம் கணக்கில் வர்க்கமாகப் போய் உட்காருகிறது. உண்மையில் 2.0 செ.மீ. இருப்பதை, படம் சாய்வாக வெட்டியதால் 1.8 என்று அளந்தால் பாதையின் பரப்பு 3.14இலிருந்து 2.54 சதுர செ.மீ. ஆகக் குறைந்துவிடும். கிட்டத்தட்ட 19 சதவீதம். வால்வின் பரப்பு 1.1 என்று வரவேண்டியது 0.9 என்று வரும். 1.0 சதுர செ.மீ. அல்லது அதற்குக் கீழே போனால் தீவிரச் சுருக்கம். இரண்டு மில்லிமீட்டர் பிசகியதால் நடுத்தர நோய் தீவிர நோய் ஆகிவிடுகிறது, ஒருவர் அறுவைக்கான பேச்சுக்குள் இழுக்கப்படுகிறார்.

இரத்தம் ஓடும் வேகத்தை அளக்கும் டாப்ளரிலும் இதே ஆபத்துதான், திசை மட்டும் எதிர். இரத்த ஓட்டத்துக்கும் ஒலிக் கற்றைக்கும் இடையே 30 டிகிரி கோணம் விழுந்தால் வேகம் 13 சதவீதம் குறைவாகக் காட்டும். அழுத்தம் என்பது வேகத்தின் வர்க்கத்தை நான்கால் பெருக்கி வருவது என்பதால் அழுத்தம் 25 சதவீதம் குறைந்துவிடும். அங்கே தீவிர நோய் தப்பிப்போகிறது. இதயத்தின் நுனிப் பக்கத்திலிருந்து பார்க்கும் ஏப்பிக்கல் நான்கு அறைப் பார்வையில் புரோபை ஒரு விலா இடைவெளி மேலே வைத்துவிட்டால் இதயத்தின் நுனி வெட்டுப்பட்டு, இடது கீழறை குட்டையாகவும் உருண்டையாகவும் தெரியும். பம்ப் அளவான இஎஃப் உண்மையைவிட நன்றாக இருப்பதுபோல ஏமாற்றும்.

புத்தகத்தில் இதையெல்லாம் ஒரு மாலையில் படித்துவிடலாம். குண்டான நோயாளி, மூச்சுத் திணறி நிமிர்ந்து மட்டுமே உட்காரக்கூடிய நோயாளி, சிகரெட்டால் நுரையீரல் உப்பி இதயத்தை மறைக்கும் நோயாளி என்று வரிசையாக வரும்போது அந்தத் தவறுகளைக் கண்டுபிடித்துத் திருத்தும் பழக்கம் கைக்கு வர நூற்றுக்கணக்கான கேஸ்கள் வேண்டும். பிரிட்டனின் எக்கோகார்டியோகிராஃபி சங்கம் முழு அங்கீகாரத்துக்கு 24 மாதத்துக்குள் 250 கேஸ் கொண்ட பதிவேடு கேட்பது இதனால்தான். அதிலும் எல்லாமே நார்மல் கேஸாக இருந்தால் ஏற்கமாட்டார்கள். எந்தக் கல்லூரியை எடைபோடவும் இந்த 250ஐத் தராசுக்கல்லாக வைத்துக்கொள்ளுங்கள்.

பி.எஸ்சி. கார்டியாக் டெக்னாலஜி

பதினேழு, பதினெட்டு வயதில் தொடங்குகிறவருக்கு எங்கள் பரிந்துரை இதுதான். சென்னை டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் மூன்று வருடப் படிப்பு, ஒரு வருட இன்டர்ன்ஷிப், ஆக நான்கு வருடம். பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் வேண்டும். அரசு ஒதுக்கீட்டு இடங்கள் மருத்துவக் கல்வி இயக்ககத்தின் தேர்வுக் குழு நடத்தும் துணை மருத்துவப் பட்டப்படிப்புக் கலந்தாய்வில் நிரம்புகின்றன.

முதல் வருடம் உடற்கூறு, உடலியங்கியல், உயிர்வேதியியல் போன்ற அடிப்படைகள். அதற்குமேல் ஈசிஜி, டிரெட்மில், நாள் முழுக்க ஈசிஜி பதியும் ஹோல்ட்டர், எக்கோ, குழாய் செலுத்தி ஆஞ்சியோ செய்யும் கேத் லேப் என இதயப் பிரிவின் எல்லா அறைகளுக்கும் உங்களைச் சுற்றவிடுவார்கள். இந்தப் படிப்பின் பலமும் பலவீனமும் அந்தச் சுற்றில்தான் இருக்கின்றன. ஆஞ்சியோ எப்படி நடக்கிறது, எந்த இரத்தக்குழாய் அடைத்தால் இதயச் சுவரின் எந்தப் பகுதி அசையாது என்பதைக் கேத் லேபில் பார்த்தவர் எக்கோவில் அதே பகுதியைத் தேடிப் பார்ப்பார். அது பெரிய சொத்து. ஆனால் கேத் லேபில் ஆள் பற்றாக்குறை என்றால் இன்டர்ன்களை அங்கேயே மாதக்கணக்கில் நிறுத்திவிடுவது பல இடங்களில் வழக்கம். நான்கு வருடம் முடித்து, பட்டமும் வாங்கி, தனியாக ஒரு முழு எக்கோ எடுக்கத் தடுமாறுகிறவர்கள் உருவாவது இப்படித்தான். தப்பு மாணவர்மேல் இல்லை, பணி அட்டவணையில் இருக்கிறது.

ஆகவே சேருமுன் அந்தக் கல்லூரியின் இப்போதைய இன்டர்ன் ஒருவரைப் பார்த்துப் பேசுங்கள். கல்லூரி அலுவலகத்தில் கேட்டால் கையேட்டில் உள்ளதைத்தான் சொல்வார்கள். இன்டர்னிடம் இப்படிக் கேளுங்கள்: பன்னிரண்டு மாதத்தில் எக்கோ ரூமில் எத்தனை மாதம்? அங்கே புரோபைப் பிடித்தது யார், நீங்களா, மேற்படிப்பு மருத்துவரா? இதயவியல் மேற்படிப்பு இருக்கும் பெரிய ஆஸ்பத்திரிகளில் நோயாளிகள் ஏராளம், ஆனால் புரோபுக்குப் போட்டியும் ஏராளம். டிஎம் படிக்கும் மருத்துவருக்குத்தான் முதல் வாய்ப்பு. மேற்படிப்பு இல்லாத நடுத்தர ஆஸ்பத்திரியில் நோயாளி குறைவாக இருந்தாலும் மெஷின் உங்கள் கைக்கு வரலாம். எது மேல் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்ல முடியாது. இன்டர்ன் சொல்லும் எண்ணிக்கையே சொல்லும். குழந்தைகள் எக்கோ நடக்கிறதா என்றும் கேட்டுவிடுங்கள். பிறவி இதயக் கோளாறுகளைப் பார்க்காமல் வெளியே வருகிறவருக்கு ஒரு பாதித் துறை மூடியே இருக்கும்.

ஓராண்டுச் சான்றிதழ்

தமிழ்நாட்டு அரசு மருத்துவக் கல்லூரிகள் சிலவற்றில் கார்டியோ சோனோகிராஃபி டெக்னீஷியன் என்ற பெயரிலேயே ஒரு வருடச் சான்றிதழ்ப் படிப்பு இருக்கிறது. ஈசிஜி மற்றும் டிரெட்மில் டெக்னீஷியன், கேத் லேப் டெக்னீஷியன் என்பவை அதன் அக்காள் தங்கைகள். பெயரை ஒருமுறைக்கு இருமுறை பார்த்து விண்ணப்பியுங்கள். ஈசிஜி படிப்பில் சேர்ந்துவிட்டுப் பிறகு எக்கோவுக்கு மாறிக்கொள்ளலாம் என்பது நடக்காது.

இதற்கு ஆகும் செலவு மிகக் குறைவு. அரசு ஆஸ்பத்திரிக் கூட்டத்தில் ருமாட்டிக் வால்வு நோய் முதல் கடைசிக்கட்ட இதயச் செயலிழப்பு வரை எல்லாம் கண்ணில் படும். வீட்டில் சீக்கிரம் சம்பளம் தேவைப்படுகிறவருக்கு இது நேர்மையான வழி. முழு வருடமும் ஒரே கருவியோடு கழிவதால், சில சமயம் பட்டதாரி இன்டர்னைவிட இவர்கள் கை முந்திக்கொள்ளும்.

குறை, எதிர்காலத்தில் இருக்கிறது. 2021இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தேசிய துணை மற்றும் சுகாதாரத் தொழில்முறையாளர் ஆணையச் சட்டம், எக்கோ டெக்னாலஜிஸ்ட்டையும் தன் அட்டவணையில் சேர்த்திருக்கிறது. அந்தச் சட்டம் துணைச் சுகாதாரத் தொழிலாளருக்கு வைக்கும் குறைந்தபட்ச அளவு, இரண்டு முதல் நான்கு வருடத்துக்குள் பரவிய 2,000 மணி நேரப் படிப்பு. அதற்கு மேல்நிலையில் உள்ள சுகாதாரத் தொழில்முறையாளர் என்பதற்கு மூன்று முதல் ஆறு வருடத்தில் 3,600 மணி நேரம். ஒரு வருடப் படிப்பு முதல் அளவுக்கே எட்டாது. நான்காண்டுப் பட்டத்தின் மதிப்பை இந்தப் பதிவு முறை வருடாவருடம் கூட்டப்போகிறது என்பது எங்கள் கணிப்பு. வெளிநாடும் அப்படியே: பட்டம் கேட்கும் வழிகளில் இந்தச் சான்றிதழ் தனியாக நிற்காது.

அரசு வேலை மட்டுமே குறி என்றால் கணக்கு கொஞ்சம் மாறும். மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் அறிவிப்புகளில் ஒவ்வொரு பதவிக்கும் தகுதியான படிப்பைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுவார்கள். பழைய டெக்னீஷியன் அறிவிப்புகளை இறக்கிப் படித்து, நீங்கள் சேரப்போகும் படிப்பின் பெயர் அதில் எழுத்துக்கு எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். சில சமயம் பெரிய படிப்பு படித்தவர் பெயர் பொருந்தாமல் வெளியே நிற்க நேரும்.

ஊருக்கு ஊர் முளைத்திருக்கும் தனியார் பயிற்சி மையங்களின் ஆறு மாத, ஒரு வருட "எக்கோ டிப்ளமோ" வேறு வகை. அதன் பின்னால் மருத்துவக் கல்வி இயக்ககமோ ஒரு மருத்துவப் பல்கலைக்கழகமோ இல்லையென்றால் அந்தத் தாளுக்கு ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டி மதிப்பு இல்லை. சொந்தமாக நோயாளிகள் இல்லாத மையத்தில் எக்கோ கற்க முடியாது. மாணவர்கள் ஒருவர் மார்பை ஒருவர் பார்த்துப் பழகுவார்கள். இருபது வயது ஆரோக்கியமான இதயம் எப்போதும் அழகாகத்தான் தெரியும்.

ஏற்கெனவே பட்டம் வைத்திருக்கிறவர்கள்

பி.எஸ்சி. இயற்பியல் முடித்தவர்களுக்குத் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தின் இரண்டு வருட கார்டியாக் லேபரட்டரி டெக்னாலஜி டிப்ளமோ பல காலமாக உள்ள நல்ல வாசல். இடங்கள் மிகக் குறைவு, போட்டி கடுமை. ஒலி அலை, பிரதிபலிப்பு, டாப்ளர் எல்லாம் ஏற்கெனவே தெரிந்த ஒருவருக்கு எக்கோவின் பாதிக் கோட்பாடு பழைய பாடம்தான். மற்றவர்கள் கெயின், ஃபிரேம் ரேட், அலியாஸிங் என்று திணறும் இடத்தில் இவர்கள் எளிதாகக் கடந்துவிடுவார்கள். உடற்கூறுதான் இவர்கள் கூடுதலாக உழைக்க வேண்டிய பாடம்.

பி.எஸ்சி. ரேடியாலஜி முடித்துவிட்டு எக்கோவுக்கு வரலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். வேலை கொடுப்பவர் இணங்கினால் முடியும். ஆனால் அந்தப் படிப்பில் இதய எக்கோவுக்கு இடம் அநேகமாக இல்லை. எக்கோதான் வேண்டும் என்று தெரிந்தபின் ரேடியாலஜியில் சேருவது சுற்றுவழி. பிசிஷியன் அசிஸ்டன்ட் படித்து இதயப் பிரிவில் வேலை செய்கிறவர்களும் செவிலியர்களும் வேலையின் ஊடே எக்கோ கற்பதுண்டு. அவர்கள் தங்கள் நியமன ஆணையிலோ பணிச் சான்றிலோ "எக்கோ" என்ற சொல் வரும்படி பார்த்துக்கொண்டால் போதும், உழைப்பு வீண்போகாது.

மருத்துவராகிப் பின் எக்கோவுக்கு வருவது வேறு பயணம். எம்.பி.பி.எஸ்., எம்.டி., மூன்று வருட டிஎம் என்று பத்து வருடத்துக்கு மேல் ஆகும். நோயைத் தீர்மானிக்க வேண்டும் என்ற ஆசை இருந்தால் அதுதான் வழி. படம் எடுப்பதில் ஆசை இருந்தால் தேவையில்லை.

வெளிநாடு மனதில் இருந்தால் இப்போதே முடிவெடுங்கள்

இதைப் படிப்பு முடித்த பிறகு யோசிக்கிறவர்கள்தான் அதிகம் இழக்கிறார்கள். ஏனென்றால் வெளிநாட்டு அமைப்புகள் கேட்பது பெரும்பாலும் கடந்த காலத்தின் கணக்கு: எத்தனை மணி நேரம், எத்தனை கேஸ், யார் கையெழுத்து.

வளைகுடா நாடுகள்தான் நம்மவர்களுக்கு முதல் படி. அங்கே சுகாதாரத் துறை உரிமத்துக்குப் பட்டம், பணி அனுபவம், தேர்வு மூன்றும் வேண்டும். டேட்டாஃப்ளோ என்ற சரிபார்ப்பு முறை உங்கள் பல்கலைக்கழகத்துக்கும் பழைய ஆஸ்பத்திரிக்கும் நேரடியாக எழுதிக் கேட்கும். வழக்கமாக இடறும் இடம் அனுபவச் சான்று. இரண்டு வருடம் எக்கோ மட்டுமே பார்த்தவருக்கு "கார்டியாக் டெக்னீஷியன்" என்றோ "கேத் லேப் ஸ்டாஃப்" என்றோ பொதுவாக எழுதிக் கொடுத்துவிடுவார்கள். எக்கோ பதவிக்கு விண்ணப்பிக்கும்போது அது பொருந்தாது. சம்பளச் சீட்டில் ஒரு பதவி, சான்றில் இன்னொரு பதவி என்றாலும் சிக்கல்.

பிரிட்டனில் இந்த வேலையைச் செய்பவர் கார்டியாக் ஃபிசியாலஜிஸ்ட் எனப்படுகிறார். அங்கே பிறந்து வளர்ந்தவர்களுக்கு பி.எஸ்சி. ஹெல்த்கேர் சயன்ஸ் அல்லது மூன்று வருட விஞ்ஞானிப் பயிற்சித் திட்டம் வழி. ஆஸ்பத்திரிகள் ஆள் எடுக்கும்போது தேடுவது எக்கோகார்டியோகிராஃபி சங்கத்தின் அங்கீகாரத்தை. எழுத்துத் தேர்வு, பதிவேடு, நேரடித் தேர்வு என்று அது போகும். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். இந்த அங்கீகாரம் வைத்திருப்பவர் அங்கே ரிப்போர்ட்டையும் தானே எழுதுகிறார். தீர்மானமும் எழுத்தும் பிடித்தவர்களுக்கு, எங்கள் பார்வையில், உலகிலேயே இந்தத் தொழிலுக்கு அதிக மரியாதை கொடுக்கும் இடம் அது.

அமெரிக்காவில் பெயர்பெற்ற பட்டயம் ஏஆர்டிஎம்எஸ் என்ற தேர்வு அமைப்பு வழங்கும் ஆர்டிசிஎஸ். இதற்கு இரண்டு தேர்வுகள்: எஸ்பிஐ என்ற அல்ட்ராசவுண்ட் இயற்பியல் தேர்வு, அதன்பின் பெரியவர் எக்கோ, குழந்தை எக்கோ, ஃபீட்டல் எக்கோ ஆகியவற்றில் ஏதாவது ஒன்று. இரண்டையும் ஐந்து வருட இடைவெளிக்குள் முடித்தாக வேண்டும். எழுதத் தகுதி பெறப் பல வாசல்கள் உண்டு. அந்நாட்டில் சிஏஏஹெச்இபி என்ற அமைப்பின் அங்கீகாரம் பெற்ற சோனோகிராஃபி படிப்பை அங்கேயே போய்ப் படிப்பது ஒன்று. செலவு பெரிது, ஆனால் படிப்பு முடியும்போதே தேர்வுத் தகுதியும் வந்துவிடும். இளநிலைப் பட்டத்தோடு பன்னிரண்டு மாத முழு நேர அல்ட்ராசவுண்ட் அனுபவம் மற்றொன்று. இங்கிருந்தே முயல்கிறவருக்கு இது ஏற்றது. செவிலியர் போன்ற நோயாளிப் பராமரிப்புப் படிப்பை இரண்டு வருடமாவது படித்தவர்களுக்கும் அனுபவத்தோடு ஒரு வாசல் இருக்கிறது.

முழு நேரம் என்றால் வாரம் 35 மணி நேரம், வருடத்தில் குறைந்தது 48 வாரம். கணக்குப் போட்டால் 1,680 மணி நேரம். எக்கோவில் இரண்டு நாள், டிரெட்மில்லில் மூன்று நாள் என்று பகிர்ந்து வேலை செய்தால் பன்னிரண்டு மாதம் முப்பது மாதமாக நீளும். இந்தியப் பட்டம் அமெரிக்க இளநிலைப் பட்டத்துக்கு ஈடு என்று மதிப்பீட்டு நிறுவனத்தின் சான்றும் வேண்டும். மூன்று வருடப் பட்டத்தை முழு ஈடாக ஏற்காத மதிப்பீடுகள் வருவதுண்டு. நான்காண்டுப் பட்டத்துக்கு இன்னொரு அனுகூலம் இங்கே. அந்த மதிப்பீட்டுக்கு அனுப்பும்போது இன்டர்ன்ஷிப் சான்றையும் சேர்த்தே அனுப்புங்கள்.

சிசிஐ என்ற மற்றோர் அமைப்பின் ஆர்சிஎஸ் பட்டயத்தையும் அமெரிக்க எக்கோ ஆய்வகங்களுக்கு அங்கீகாரம் தரும் அமைப்பு ஏற்கிறது. இரண்டும் வேலைக்கு உதவும். இங்கிருந்து தயாராகிறவருக்கு ஆர்டிசிஎஸ்ஸையே முதலில் சொல்வோம். அதன் பெயர் வளைகுடாவிலும் பரிச்சயம். பெற்றபின் மூன்று வருடத்துக்கு 30 தொடர்கல்வி மதிப்பெண் சேர்த்தால்தான் அது உயிரோடு இருக்கும். தேர்வில் வெல்வது விசா அல்ல என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். முகவர் யாராவது இரண்டையும் ஒன்றாக்கிப் பேசினால் அங்கேயே எழுந்துவிடுங்கள்.

உடம்பும் ஒரு தகுதி

எந்த வழியில் போனாலும் இதைக் கல்லூரியில் அழுத்தமாகச் சொல்லித்தர மாட்டார்கள். கையை நீட்டி, தோளைத் தூக்கி, மணிக்கட்டை வளைத்து, புரோபை அழுத்திப் பிடித்தபடி நாள் முழுக்க உட்காரும் வேலை இது. தோள்வலியும் மணிக்கட்டு வலியும் இந்தத் தொழிலை விட்டு ஆட்களை விரட்டும் முக்கியக் காரணங்கள். பயிற்சியின் முதல் மாதமே பழக்கத்தைச் சரியாக அமைக்க வேண்டும். கட்டிலை உங்கள் உயரத்துக்குக் கொண்டுவாருங்கள், நோயாளியை விளிம்புக்கு நகர்ந்து இடப்பக்கம் சாய்ந்து படுக்கச் சொல்லுங்கள், முழங்கையை உடம்போடு ஒட்டி வையுங்கள், புரோபின் வயரைக் கழுத்தில் மாட்டிக்கொள்ளாதீர்கள். கல்லூரியைப் பார்க்கப் போகும்போது எக்கோ ரூமில் உயரம் மாற்றும் கட்டிலும், இதயத்தின் நுனி வரும் இடத்தில் வெட்டுள்ள மெத்தையும் இருக்கிறதா என்று எட்டிப் பாருங்கள். இருந்தால் அங்கே எக்கோவை மதித்து நடத்துகிறார்கள் என்று அர்த்தம்.

சேர்ந்த முதல் நாளிலிருந்து

ஒரு கட்டம்போட்ட நோட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தேதி, வயது, ஆணா பெண்ணா, எதற்காக எக்கோ, நீங்கள் எடுத்த பார்வைகள், நீங்கள் அளந்த இஎஃப், மருத்துவர் எழுதிய இஎஃப், முக்கியக் கண்டுபிடிப்பு, மேற்பார்வையாளர் கையெழுத்து. நோயாளியின் பெயரும் ஆஸ்பத்திரி எண்ணும் அதில் வரக்கூடாது. உங்கள் எண்ணுக்கும் மருத்துவர் எண்ணுக்கும் உள்ள இடைவெளி மாதாமாதம் குறைகிறதா என்று பாருங்கள். ஆறு மாதமாகியும் குறையவில்லையென்றால் பெரும்பாலும் ஏப்பிக்கல் பார்வைதான் பழுது, மூத்த டெக்னீஷியனைப் பக்கத்தில் நிற்கச் சொல்லிச் சரிசெய்துகொள்ள வேண்டும். கையெழுத்தை வாரக் கடைசியிலேயே வாங்கிவிடுங்கள். வருட முடிவில் மொத்தமாக வாங்கலாம் என்று விட்டால் மேற்பார்வையாளர் வேறு ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பார், கையெழுத்தில்லாத 300 கேஸை எந்த அமைப்பும் எண்ணாது.